யானை வேண்டாம் என்ற மந்திரவாதி

ஏகாம்பரம் சார் போய்விட்டார் என்ற செய்தியை எனக்குச் சொன்னவர் ஒரு பஸ் கண்டக்டர். கண்ணமங்கலம் ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை நிறுத்தி, இறங்காமலே, "நர்சம்மா, உங்க மாட்டாஸ்பத்திரி ஏகாம்பரம் ராத்திரி தவறிட்டாரு" என்றார். நான் நம்பவில்லை. அவர் ஊரான ஒடுகத்தூரில் எத்தனையோ ஏகாம்பரம் இருப்பார்கள். யார் பார்த்தது, யார் சொன்னது என்று கேட்டேன். கண்டக்டருக்கு எரிச்சல் வந்தது. "நானே மாலை போட்டுட்டுதான் வர்றேன்" என்று சொல்லி விசில் கொடுத்துவிட்டார். மதியத்துக்குள் ஒடுகத்தூர் போய்ச் சேர்ந்து, பந்தலுக்குக் கீழே அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் என் சந்தேகம் தீர்ந்தது. மாரடைப்பு என்றார்கள். ஐம்பதைத் தாண்டி ஒன்றிரண்டு வயதுதான் ஆகியிருக்கும்.

அவரை அறிந்தவர்களுக்கு, கால்நடை ஆய்வாளராகப் புதூர்நாட்டு மலைக்கிராமங்களைச் சுற்றி வந்த ஒல்லியான மனிதர் என்று நினைவிருக்கும். எதையும் நம்பாதவர் என்பதும் நினைவிருக்கும். மலைமேல் நான் வேலை பார்த்த சுகாதார நிலையத்துக்கு அவர் முதன்முதலில் வந்தது மாட்டுத் தடுப்பூசி மருந்தை எங்கள் குளிர்பெட்டியில் வைக்க இடம் கேட்டு. கதவைத் திறந்து உள்ளே கையை விட்டுப் பார்த்தார். கரண்ட் போனால் எவ்வளவு நேரம் குளிர் தாங்கும், போனதை யார் கவனிப்பார்கள், நான் தூங்கிவிட மாட்டேனா என்று அடுக்கிக்கொண்டே போனார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "நம்பிக்கை இல்லன்னா வேற இடம் பாத்துக்குங்க" என்றேன். அவர் அசரவில்லை. "சந்தேகத்த மனசுல வெச்சிகினு மேலுக்குச் சிரிக்க எனக்கு வராது சிஸ்டர். கேட்டுட்டேன், நீங்க சொல்லிட்டீங்க, முடிஞ்சுபோச்சு" என்றார். அதன் பிறகு அந்த விஷயத்தை அவர் எடுத்ததே இல்லை.

அந்த மலையில் எங்கள் மாதிரி வேலையில் இருந்தவர்கள் நாலு பேர்தான். மெட்ராஸிலிருந்து வந்த டாக்டர் சுந்தரேசன், நான், ஏகாம்பரம் சார், பக்கத்துக் குக்கிராமத்துப் பள்ளி ஆசிரியர் கோவிந்தன். கோவிந்தன் மட்டும் அந்த மலையிலேயே பிறந்தவர். ஞாயிற்றுக்கிழமையில் செய்வதற்கு ஒன்றும் இருக்காது. டாக்டரின் தம்பி அமெரிக்காவிலிருந்து ஒரு விளையாட்டுப் பெட்டி அனுப்பியிருந்தார். பலகை கிடையாது. நாலு முகம், எட்டு முகம், இருபது முகம் என்று விதவிதமான பகடைகளும் விதிப் புத்தகங்களும்தான். டாக்டர் காகிதத்தில் கோட்டைப் படம் வரைந்து கதை சொல்வார். பாழடைந்த கோட்டை, சுரங்கம், காவல் காக்கும் அரக்கன். நாங்கள் மூவரும் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு வேஷம். நான் வாள்வீராங்கனை. கோவிந்தன் வழிகாட்டி. ஏகாம்பரம் சார் மந்திரவாதி. நாங்கள் என்ன செய்கிறோம் என்று சொல்ல வேண்டும். அது பலிக்குமா என்பதைப் பகடை சொல்லும்.

மந்திரவாதிக்கு ஒரு பெரிய மந்திரம் உண்டு. ஏதாவது ஒரு பிராணியைத் தன் உதவிக்கு வரவழைக்கலாம். ஓநாய், கரடி, சிங்கம், இன்னும் நாங்கள் கேள்விப்படாத மிருகங்கள் எல்லாம் புத்தகத்தில் இருந்தன. வந்தது கொஞ்ச நேரம் நின்று சண்டை போட்டுவிட்டு மறைந்துவிடும். ஆனால் பகடை சரியாக விழாவிட்டால் பிடி நழுவும். அப்போது அது நம் மீதே திரும்பும். டாக்டர் இதைச் சொன்னதும் ஏகாம்பரம் சார் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

முதல் ஆட்டத்திலேயே சுரங்க வாயிலை ஓர் அரக்கன் மறித்துக்கொண்டிருந்தான். கரடியை வரவழைக்கச் சொன்னார் டாக்டர். ஏகாம்பரம் சார் ஒத்துக்கொள்ளவில்லை. கரடி கிழித்த முகம் ஒன்றை அவர் மலையில் பார்த்திருக்கிறார். "கரடிக்கு நம்மாளு, எதிராளுன்னு இன்னா தெரியும்? கிட்ட நிக்கறவன அடிக்கும். கிட்ட நிக்கறது நாமதான்" என்றார். பிறகு அரக்கன் என்ன தின்பான் என்று டாக்டரிடம் கேட்டார். இறைச்சி என்றார் டாக்டர். ஒரு மந்தை ஆட்டை வரவழைத்துச் சரிவில் ஓட விட்டார். அரக்கன் ஆட்டின் பின்னால் போனான், நாங்கள் உள்ளே போனோம். டாக்டர் சிரித்துச் சிரித்துக் கண்ணீர் விட்டார். நான் ஏகாம்பரம் சாரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சிரிக்கவில்லை. ஆடு மறைந்ததும் அரக்கன் திரும்பி வந்தால் என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

அவர் தேர்வு எப்போதும் சரியாக இருந்ததில்லை. ஒருமுறை மலைத்தேனீயை வரவழைத்தார். கோவிந்தன் கையில் தீவட்டி இருப்பதை மறந்துவிட்டார். புகை பட்டுத் தேனீக்கள் எங்கள் மேலேயே பாய்ந்தன. என் வாள்வீராங்கனை செத்துப் பிழைத்தாள். அன்றைக்கு முழுக்கத் தன் மேலேயே அவருக்குச் சந்தேகம்.

நாங்கள் கவனிக்காத ஒன்று, எங்களைச் சுற்றி வளர்ந்துகொண்டிருந்தது. ஊசி போட வரும் தாய்மார்கள் குழந்தையை என் கையில் தரத் தயங்கினார்கள். நான் நெருங்கினால் ஒருத்தி முந்தானையால் பிள்ளையின் தலையை மூடினாள். கோவிந்தனின் பள்ளிக்கு வரும் பிள்ளைகள் குறைந்தார்கள். டீக்கடையில் நாங்கள் போனதும் பேச்சு நின்றது. அது மலையடிவாரத்தில் போலீஸ் தீவிரவாதிகளைத் தேடிக்கொண்டிருந்த காலம். நாலு பேர் ஓரிடத்தில் கூடினாலே யார், எதற்கு என்று கேட்டார்கள். ஒரு திங்கட்கிழமை காலை ஜீப் வந்தது. டாக்டரிடம் வரவில்லை, என்னிடமும் வரவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் போய்க் கோவிந்தனை ஏற்றிக்கொண்டு போனது. எங்களில் கேட்பார் இல்லாதவர் அவர்தான் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அடிவார ஸ்டேஷனுக்கு டாக்டர் போய்ப் பார்த்தார். ரகசியக் கூட்டம், கோட்டையைத் தாக்கத் திட்டம், வரைபடம், ஆள் வரவழைப்பது எல்லாம் தங்களுக்குத் தெரியும் என்றார்களாம். அந்த நாட்களில் அப்படிப் பிடித்துப் போனவர்களில் சிலர் திரும்பி வரவில்லை என்று பேச்சு இருந்தது. கோவிந்தனின் மனைவி கைக்குழந்தையோடு வந்து சுகாதார நிலையத்துப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். எங்களைப் பார்த்த பார்வையிலேயே எல்லாம் இருந்தது.

அன்று மாலை ஏகாம்பரம் சார் என்னிடம் வந்து, "சிஸ்டர், நீங்க யார்கிட்டயாவது சொன்னீங்களா?" என்று நேராகக் கேட்டார். இல்லை என்றேன். தலையாட்டிவிட்டு டாக்டரிடம் போய் அதையே கேட்டார். டாக்டருக்கு முகம் சிவந்துவிட்டது. படித்தவனிடம் கேட்கிற கேள்வியா இது என்று என்னிடம் பின்னால் குமுறினார். பகடைகளைப் பெட்டியில் போட்டு மூடினார். இரண்டு நாள் கழித்து யாரோ அவரிடம், ஏகாம்பரம் ஸ்டேஷன் வாசலில் சப்-இன்ஸ்பெக்டரோடு நின்று பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்ததாகச் சொன்னார்கள். வாரா வாரம் மலையிறங்கி ஒடுகத்தூர் போய் வருகிறவர் அவர் ஒருவர்தானே என்றார் டாக்டர். எனக்கும் அது பொருந்துவது போலத்தான் இருந்தது.

அந்த ஞாயிறு முற்பகலில் ஜீப் சுகாதார நிலையத்துக்கே வந்தது. சப்-இன்ஸ்பெக்டரோடு ஏகாம்பரம் சாரும் இறங்கினார். டாக்டர் என்னைப் பார்த்தார், பார்த்தாயா என்பது போல. ஜீப்பின் பின்சீட்டில் கோவிந்தன் இருந்தார். உதடு வீங்கியிருந்தது.

சப்-இன்ஸ்பெக்டர் தொப்பியை மேஜைமேல் வைத்தார். அங்கே கிடந்த, டாக்டர் வரைந்த கோட்டைப் படத்தை விரித்து, இது எந்த ஊர் என்று கேட்டார். எந்த ஊரும் இல்லை, கற்பனை என்றார் டாக்டர். "கற்பனைக் கோட்டையில எந்த வாசல்ல எத்தன காவல்னு எதுக்கு எழுதி வெச்சிருக்கீங்க?" என்றார் அவர். ஏகாம்பரம் சார்தான் பேசினார்.

"கதவுக்கு வெளிய நின்னு கேட்டா எல்லாம் தப்பாதான் கேக்கும் சார். உக்காந்து ஆடிப் பாருங்க. எங்க மேல சந்தேகம் தீரலன்னா எல்லாரையும் ஏத்திகினு போங்க. ஆனா வழிகாட்டி இல்லாம ஆட்டம் நடக்காது. அவரு ஜீப்புல இருக்காரு."

சப்-இன்ஸ்பெக்டர் கான்ஸ்டபிளைக் கூப்பிட்டுக் கோவிந்தனை உள்ளே அனுப்பச் சொன்னார். கோவிந்தன் வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். டாக்டர் பெட்டியைத் திறந்தார்.

ஏகாம்பரம் சார் தன் மந்திரவாதியைச் சப்-இன்ஸ்பெக்டருக்கே விட்டுக்கொடுத்தார். எந்தப் பிராணி வேண்டும் என்று கேட்டதும், அவர் யோசிக்கவே இல்லை. யானை என்றார். ஏகாம்பரம் சார் வேண்டாம் என்றார். எனக்கு உயிரே போய்விட்டது. "யானை கோட்டைக்கு உள்ள வந்துடும் சார். வேல முடிஞ்சா எந்த வழியா வெளிய போவும்? அதுக்கு முன்னாடி நாம எங்க நிக்கறது?" என்று கேட்டார். சுவரை இடித்துக்கொண்டு போகட்டும் என்றார் சப்-இன்ஸ்பெக்டர். பகடையை வீசினார். மிகக் குறைவாக விழுந்தது. யானை திரும்பிவிட்டது என்று மெல்லச் சொன்னார் டாக்டர்.

சப்-இன்ஸ்பெக்டர் பகடையை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இதில் ஏதோ செய்து வைத்திருக்கிறீர்கள் என்றார். மறுபடி வீசினார். மறுபடியும். அப்போது, அவ்வளவு நேரம் வாயே திறக்காத கோவிந்தன், வீங்கிய உதட்டோடு சொன்னார்:

"யானை திரும்பிடுச்சுன்னா மேட்டுல ஏறக்கூடாது சார். பள்ளத்துல எறங்கணும். வாங்க, நான் வழி காட்டறேன்."

சப்-இன்ஸ்பெக்டர் அவரை நிமிர்ந்து பார்த்தார். வந்ததிலிருந்து அவர் கோவிந்தனை மனிதனாகப் பார்த்தது அப்போதுதான் என்று எனக்குத் தோன்றியது. "சரி, எறங்கு" என்றார். சாப்பாட்டு வேளை தாண்டியும் ஆட்டம் நடந்தது. முடிந்ததும் தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு, கோவிந்தனிடம், நாளைக்குப் பள்ளிக்கூடத்தைத் திற என்றார். டாக்டரிடம், இனிமேல் கதவைச் சாத்திக்கொண்டு விளையாட வேண்டாம் என்றார். போகும்போது வாசலில் நின்று ஒரு வார்த்தை விட்டுவிட்டுப் போனார். "உங்க ஆளு ஒருத்தர்தான் வந்து சொன்னது. தெரிஞ்சிக்குங்க."

அந்த வார்த்தை எங்களைப் பிரித்துவிட்டது. டாக்டருக்கு அது யாரென்று சந்தேகமே இல்லை. தானே காட்டிக்கொடுத்துவிட்டு, பயந்துபோய்த் தானே சரிசெய்திருக்கிறார் என்று முடிவு கட்டினார். ஆனால் ஏகாம்பரம் சாரிடம் ஒரு நாளும் கேட்கவில்லை. வழியில் பார்த்தால் வணக்கம் சொன்னார், மழையைப் பற்றிப் பேசினார். மாற்றல் வந்தபோது எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு போனவர், அவரிடம் மட்டும் சொல்லவில்லை. ஏகாம்பரம் சார் அவரை வழியனுப்ப ஜீப் கிளம்பும் இடம் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தார்.

டாக்டர் போன சில மாதம் கழித்து, எங்கள் சுகாதார நிலையத்தைப் பெருக்கித் துடைக்கும் பச்சையம்மா என் முன்னால் வந்து அழுதாள். கதவுக்கு வெளியே நின்று கேட்டவள் அவள். பூதத்தை வரவழைக்கிறார்கள், காவல்காரனைக் கொல்லப்போகிறார்கள் என்று காதில் விழுந்திருக்கிறது. எனக்கு அவர்கள் மூவரும் ஏதோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று பயந்து, கீழே ஸ்டேஷனில் காவல் வேலை செய்யும் தன் அண்ணனிடம் சொல்லியிருக்கிறாள். கோவிந்தனைப் பிடித்த மறுநாளே ஏகாம்பரம் சார் அவளிடமும் நேராகக் கேட்டாராம். அவள் ஒத்துக்கொண்டாள். இதை வேறு யாரிடமும் சொல்லாதே, டாக்டருக்குத் தெரிந்தால் உன் வேலை போய்விடும் என்று சொல்லிவிட்டு அவர் நேரே ஸ்டேஷனுக்குப் போயிருக்கிறார். டாக்டர் காதுக்கு எட்டியது அன்றைக்கு அவர் ஸ்டேஷன் வாசலில் நின்றதுதான்.

அவரிடம் போய், டாக்டர் உங்களைத்தானே நினைத்துக்கொண்டு போனார், ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்டேன். "அவரு கேக்கவே இல்லயே சிஸ்டர். கேட்டிருந்தா நான் இல்லன்னு சொல்லியிருப்பேன். கேக்காத ஆளுகிட்ட போய் நான் இல்ல, நான் இல்லன்னு சொன்னா இன்னா நெனைப்பாரு?" என்றார். வருத்தம் இருந்ததா என்று தெரியவில்லை. ஒரு கன்றுக்குட்டிக்குக் கழிச்சல் என்று யாரோ கூப்பிட, பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

ஒடுகத்தூர் பந்தலில் டாக்டர் சுந்தரேசனைப் பார்த்தேன். இப்போது வேலூரில் இருக்கிறார். கோவிந்தன் மலையிலிருந்து இறங்கி வந்து அவருக்குத் தகவல் சொல்லியிருக்கிறார். டாக்டர் மாலையைப் போட்டுவிட்டு என் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்தி, "சிஸ்டர், அன்னிக்குப் போலீஸ்ல சொன்னது இவர்தானே?" என்று கேட்டார்.

"இல்ல சார்" என்றேன்.

அப்படியானால் யார் என்று அவர் கேட்கவில்லை. தண்ணீர் பந்தல் பக்கம் நின்ற கோவிந்தனைப் பார்த்தார், பாடையைப் பார்த்தார். மூன்று மணி பஸ்ஸுக்குப் போகவேண்டும் என்று சொல்லிக்கொண்டு வந்தவர், தூக்கும்போது முன்பக்கம் தோள் கொடுத்தார்.

ஏகாம்பரம் சாரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இதுதான். யார்மீது சந்தேகம் வந்தாலும் அன்றைக்கே அவர்கள் முகத்தைப் பார்த்துக் கேட்டுவிடுகிறேன். அதனால் என்னோடு பேசாமல் போனவர்கள் உண்டு. மிச்சம் இருப்பவர்கள் கொஞ்சம் பேர்தான். அவர்கள் வீட்டில் எனக்கு நிம்மதியாகத் தூக்கம் வருகிறது.