நானும் ஓரகத்தியும் ஒரு துண்டு யானையும்

என் மகள் சென்னையிலிருந்து போன் செய்து, "அம்மா, உன்னைய கப்பல்ல இலங்கைக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்றபோது நான் கேட்ட முதல் கேள்வி, "உங்க பெரியம்மாவுக்குத் தெரியுமா?" என்பதுதான். தெரிய வேண்டும் என்பது என் ஆசை. தெரிந்து வயிறு எரிய வேண்டும் என்பது அதைவிடப் பெரிய ஆசை. மகளோ, "தெரியாது, நீயும் வாயத் தெறக்காத" என்று போனை வைத்துவிட்டாள்.

அந்தப் பெரியம்மா என் ஓரகத்தி, அதாவது என் கணவரின் அண்ணன் மனைவி. மலைமேல் நாங்கள் விவசாயம் செய்கிற காட்டுக்கு அடுத்த காடு அவர்களுடையது. அவள் மகளும் என் மகளும் சென்னையில் ஒரே ஆபீஸ், ஒரே விடுதி அறை. அந்தப் பெண்ணும் அதே நாளில் தன் அம்மாவுக்குப் போன் செய்து, அதே கப்பலைச் சொல்லி, அதே மாதிரி வாயைக் கட்டியிருக்கிறாள். பாஸ்போர்ட்டுக்காக நாமக்கல்லுக்கு அலைந்ததை நான் பல் வலி என்று சொல்லி மறைத்தேன். அந்த மாதம் அவளுக்கு முட்டி வலி இருந்ததாகப் பிறகு தெரிந்தது.

சென்னைத் துறைமுகத்தில் வரிசையில் நின்றபோது முன்னால் ஒரு மெரூன் பட்டுச் சேலையைப் பார்த்தேன். கப்பலுக்குப் பட்டுச் சேலை கட்டி வருகிற ஆள் யாரென்று முகத்தைப் பார்க்காமலே எனக்குத் தெரிந்தது. நானும் பட்டுதான் கட்டியிருந்தேன் என்பது வேறு விஷயம். எங்கள் பெண்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "எங்களுக்கு ஒரு ரூமு, உங்களுக்கு ஒரு ரூமு" என்றார்கள். திரும்பி ஓட வழியில்லை. பெட்டி ஏற்கெனவே உள்ளே போய்விட்டது.

நாங்கள் பேசிக்கொள்ளாததற்குக் காரணம் ஒரு பலா மரம். அண்ணனும் தம்பியும் காட்டைப் பிரித்தபோது வரப்பு அந்த மரத்தடியில் போனது. வேர் பெரும்பாலும் எங்கள் பக்கம், காய் பெரும்பாலும் அவர்கள் பக்கம். மரத்தில் ஏறியிருக்கும் மிளகுக் கொடி மட்டும் இரண்டு பக்கமும் பாரபட்சம் பார்க்காமல் காய்க்கும். ஒரு வருடம் அவள் என்னைக் கேட்காமல் சுற்றுலா வேனில் வந்தவர்களுக்குப் பழத்தை அறுத்துக் கொடுத்தாள். நான் வரப்பில் நின்று சொல்லக் கூடாததைச் சொன்னேன். அவள் அதைவிட நன்றாகச் சொன்னாள். அதிலிருந்து பல வருடமாகப் பேச்சில்லை. அண்ணனும் தம்பியும் மட்டும் செம்மேட்டில் ஒரே கடையில் டீ குடித்துவிட்டு, முகத்தை இறுக்கிக்கொண்டு ஆளுக்கொரு தடத்தில் வீடு வந்து சேர்வார்கள்.

கடைசியில் ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்து, மரத்தை வெட்டி விற்று ஆளுக்குப் பாதி எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். அவள் "வெட்டட்டும்" என்றாள். நான் அவளைவிடச் சத்தமாக "வேரோட வெட்டட்டும்" என்றேன். வீட்டுக்கு வந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போது அழுதேன். ஆனால் சொன்ன சொல்லை யார் முதலில் திரும்ப வாங்குவது? மரக்காரர் வியாழக்கிழமை வருவதாக இருந்தது. அன்றைக்கு நான் கடலில் இருப்பேன், கண்ணால் பார்க்க வேண்டாம் என்று ஒரு நிம்மதி.

எங்கள் அறையில் இரண்டு கட்டில்களை ஒன்றாகச் சேர்த்துப் போட்டிருந்தார்கள். நடுவில் ஒரு யானை உட்கார்ந்திருந்தது. குளிக்கிற துண்டை மடித்து, காது தும்பிக்கையெல்லாம் வைத்துச் செய்த வெள்ளை யானை. அறையைச் சுத்தம் செய்கிற மீசைக்காரர் செய்து வைத்தது. பின்பக்கம் என் கட்டிலில், தும்பிக்கை அவள் கட்டிலில். இங்கேயும் நல்லது அவள் பக்கம்தான் நீட்டிக்கொண்டிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

கப்பல் கிளம்புமுன் எல்லோரையும் கூட்டி, உயிர் காக்கும் சட்டையை மாட்டிக் காட்டச் சொன்னார்கள். அவளுக்குப் பட்டையைக் கட்டத் தெரியவில்லை. சொல்லிக் கொடுக்க எனக்கு வாய் வராது. அதனால் என் பட்டையை அவிழ்த்து, அவளுக்குத் தெரிகிற மாதிரி திரும்பி நின்று, மெதுவாக மறுபடியும் கட்டினேன். அவள் ஓரக்கண்ணால் பார்த்தே கட்டிவிட்டாள். மூழ்கினாலும் வீம்போடுதான் மூழ்கியிருப்போம்.

அன்று படுக்கும்போது அவள் யானையைப் பார்த்து, "ஏனுங்க ஆனையாரே, லைட்ட அணைக்கச் சொல்லுங்க" என்றாள்.

நானும் யானையைப் பார்த்தேன். "சுவிட்சு எங்கன்னு தெரிஞ்சா அணைக்க மாட்டமான்னு கேளு சாமி."

அதன்பின் அந்த அறையில் யானைக்கு ஓய்வே இல்லை. கதவைச் சாத்தச் சொல்வது, ஏசியைக் குறைக்கச் சொல்வது, குறட்டை விடுவது யார் என்கிற விசாரணை எல்லாம் அதன் வழியாகத்தான் நடந்தது. சாமை முறுக்கு கொண்டுவந்திருந்தாள். "ஆனைக்குப் பசிக்கும்" என்று நாலைந்தை அதன் முன்னால் வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். திரும்பி வந்தபோது முறுக்கு இல்லை. யானைக்கு நல்ல பசி என்று அவள் யாரிடமோ சொல்லிக்கொண்டாள்.

கப்பலைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடலுக்கு நடுவே மொட்டை மாடியில் ஒரு நீச்சல் குளம் வைத்திருந்தார்கள், கீழே இருக்கிற தண்ணீர் போதாதென்று. அலை கொஞ்சம் ஆட்டியதும் பட்டணத்து ஆட்கள் எலுமிச்சம் பழத்தை முகர்ந்துகொண்டு படுத்துவிட்டார்கள். கொண்டை ஊசி வளைவுகளில் கடைசி சீட்டில் உட்கார்ந்து பழகிய எங்கள் இருவருக்கும் ஒன்றும் செய்யவில்லை. சாப்பாட்டுக் கூடத்தில் கூட்டமே இல்லாமல், ஆளுக்கொரு மேசையில் உட்கார்ந்து நன்றாகச் சாப்பிட்டோம்.

இலங்கையின் தெற்குக் கரையில் இறங்கி, பஸ்ஸில் காலி என்கிற ஊரின் பழைய கோட்டைக்குப் போனோம். வெள்ளைக்காரன் கட்டிய மதில், கலங்கரை விளக்கு, சுற்றிலும் நீலக் கடல். பெண்கள் போட்டோ எடுத்துத் தீரவில்லை. மதிலுக்கு வெளியே ஒரு தள்ளுவண்டியில் பலாச்சுளை விற்றார்கள். நான் ஒரு பொட்டலம் வாங்கினேன். அவளும் ஒன்று வாங்கினாள். முதல் சுளையைக் கடித்ததும் இரண்டு பேரும் சட்டென்று ஒருவர் பக்கம் ஒருவர் திரும்பினோம். என்ன சொல்ல வந்தோம் என்று இருவருக்கும் தெரியும். யானை அறையில் இருந்ததால் சொல்ல முடியவில்லை.

சாயங்காலம் அறைக்குத் திரும்பியதும் அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் யானையிடம் போய், "அந்தப் பழம் வெறும் சக்கைன்னு சொல்லுங்க" என்றாள்.

"நானுந்தான் தின்னேன், எனக்குத் தெரியாதான்னு சொல்லு" என்றேன். அன்றைக்கு இரண்டு பேருக்கும் தூக்கம் வரவில்லை. குறட்டைப் பேச்சே எழவில்லை.

மறுநாள் வியாழக்கிழமை. காலையில் கப்பல் திருகோணமலையை நெருங்கிக்கொண்டிருந்தது. மீசைக்காரர் புதுத் துண்டுகளோடு வந்தார். அத்தனை நாள் யானையைத் தொடாமல் இருந்தவர், அழுக்காகிவிட்டதென்று நினைத்தாரோ என்னவோ, தும்பிக்கையைப் பிடித்துத் தூக்கி ஓர் உதறு உதறினார். நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் "ஐயோ!" என்றோம். அதற்குள் அவர் கையில் வெறும் துண்டுதான் இருந்தது. அவர் பயந்துபோய்க் கும்பிட்டுவிட்டு வெளியே போனார்.

அறையில் நாங்கள் இருவர் மட்டும். பேச்சைக் கொண்டுபோய்க் கொடுக்க ஆளில்லை. அவள் கட்டிலின் நடுவே அந்த வெற்று இடத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

"மரமும் இந்நேரம் இப்படித்தான போயிருக்கும்" என்றாள்.

யானையிடம் சொல்லவில்லை. என்னிடம்தான் சொன்னாள். நான் எழுந்து நின்றேன். வீம்பெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"அக்கா, எந்திரிங்க. போன் போட்டுப் பாக்கலாம்."

மேல்தளத்துக்கு இரண்டு பேரும் ஓடினோம். எனக்கு நிஜமாகவே பல் வலியும் அவளுக்கு நிஜமாகவே முட்டி வலியும் இருந்திருந்தாலும் அப்படித்தான் ஓடியிருப்போம். அங்கே நின்றிருந்த என் மகளின் போனில் அப்போதுதான் சிக்னல் வந்தது. எங்கள் காட்டில் சிக்னல் கிடைப்பது அந்தப் பலா மரத்தடியில் மட்டும்தான். என் கணவர் முதல் மணியிலேயே எடுத்தார். அப்படியானால் மரத்தடியில்தான் நிற்கிறார்.

"மரம் இருக்குதுங்களா?" என்றேன்.

"இருக்குது. மரக்காரர் ரம்பத்தோட வந்து உக்காந்திருக்காரு. அண்ணனும் நானும் மூணாவது டீ குடுத்துட்டோம். இனி என்னத்தச் சொல்லி நிறுத்தறதுன்னு தெரியல."

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் போனைப் பிடுங்கினாள். "ஏனுங் கொழுந்தனாரே, அந்த மரத்துல யாராவது கைய வெச்சீங்க, நாங்க ரெண்டு பேரும் ஊடு வந்து சேர மாட்டோம். இந்தக் கப்பல்லயே இருந்துக்குவோம், சொல்லிட்டேன்."

பிறகு என் கணவர் மெதுவாகக் கேட்டார்: "ரெண்டு பேருமாங்க?"

"ஆமா, ரெண்டு பேருந்தான்" என்றோம்.

அறைக்குத் திரும்பியபோது கட்டிலின் நடுவே மூன்று புது யானைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. மீசைக்காரர் பாவம், சமாதானம் செய்ய வைத்திருக்கிறார். அவள் அவற்றை ஓரமாக எடுத்து வைத்துவிட்டு, என் பக்கத்தில் உட்கார்ந்து முறுக்கு டப்பாவைத் திறந்தாள்.