ஜாம் பாட்டிலில் ஒரு நீர்த்தெள்ளு

மௌரீனுக்கு ஐம்பத்திரண்டு வயது. பிரேசர் டவுனில் வீடு. நடந்து போகும் தூரத்தில் இருக்கும் கல்லூரியின் விலங்கியல் ஆய்வகத்தில் இருபத்திரண்டு வருஷமாக உதவியாளர். கண்ணாடி ஜாடிகளைக் கழுவுவாள். அவற்றில் வளரும் டாஃப்னியா என்கிற நீர்த்தெள்ளுகளுக்குப் பாசித் தண்ணீர் ஊற்றுவாள். கடுகளவுகூட இல்லாத பிராணி. உடம்பு முழுக்கக் கண்ணாடி. மைக்ராஸ்கோப்பில் வைத்தால் இதயம் துடிப்பதும், தின்ற பாசி பச்சைக் கோடாக இறங்குவதும், முதுகுப் பையில் குட்டிகள் புரள்வதும் தெரியும். பார்க்க உட்கார்ந்தாளென்றால் மௌரீனின் டீ ஆறிப்போகும்.

போன வருஷம் பேராசிரியை நிருபமா, ஆனேக்கல் பக்கத்து ஏரி ஒன்றிலிருந்து நீளக் குழாயில் சேறு எடுத்து வந்தாள். மேலே புதுச் சேறு, கீழே போகப் போகப் பழசு. இருவரும் அதை கேக் வெட்டுவதுபோல் வில்லை வில்லையாக வெட்டினார்கள். அடி வில்லையில், குதிரைச் சேணம் மாதிரி கறுப்பாகச் சில நீர்த்தெள்ளு முட்டைக்கூடுகள்.

“இது படிஞ்சு ஐம்பது வருஷம் இருக்கும், அக்கா. அப்ப ஏரிக்குள்ள பிளாஸ்டிக் அவ்வளவா வந்திருக்காது.”

“என் வயசு மேடம். இன்னுமா உயிர் இருக்கும்?”

“போட்டுத்தான் பார்ப்போமே.”

சுத்தமான தண்ணீரில் போட்டு விளக்கடியில் வைத்தார்கள். ஆறாம் நாள் காலை ஆய்வகத்தைத் திறந்தபோது, தண்ணீரில் ஒரு புள்ளி எம்பியது. இறங்கியது. மறுபடி எம்பியது. மௌரீன் சாவிக்கொத்தைக் கையில் பிடித்தபடியே நின்றாள். தான் தொட்டிலில் கிடந்த காலத்தில் தூங்கப் போனது, இப்போதுதான் கண் விழித்திருக்கிறது. வெளியே ஆட்டோக்களின் சத்தம் எங்கோ கரை தாண்டிக் கேட்பதுபோல் இருந்தது.

நீர்த்தெள்ளுக்கு ஆண் துணை வேண்டியதில்லை. ஒரு மாதத்தில் ஜாடி நிறையக் குட்டிகள். அதன் பிறகுதான் நிருபமா சோதனையைத் தொடங்கினாள். பிளாஸ்டிக்கை அறியாத இந்தப் பழைய வம்சத்துக்கு நுண்பிளாஸ்டிக் என்ன செய்யும் என்று பார்க்க வேண்டும். தூசியைவிடச் சின்ன, ஒளிரும் ரோஸ் நிற பிளாஸ்டிக் மணிகளைச் சொட்டுச் சொட்டாக ஊற்றியது மௌரீன்தான். மறுநாள் மைக்ராஸ்கோப்பில் பார்த்தாள். பச்சைக் கோடு இருக்க வேண்டிய இடத்தில் ரோஸ் நிறத்தில் ஒரு கோடு ஒளிர்ந்தது.

“சீரியல் லைட்டை முழுங்கின மாதிரி இருக்கு மேடம்.”

“பார்க்க அழகுதான். வயிறு ரொம்பியிருக்கும், ஆனா பட்டினி. பாசி இறங்க இடம் இல்லையே.”

இரண்டு வாரத்தில் அது எண்களிலும் தெரிந்தது. பதினைந்து குட்டி போடுகிறவை நான்கோ ஐந்தோ போட்டன. சில ஒன்றுமே போடவில்லை. எழுதிக்கொண்டே வந்த மௌரீனுக்குப் பேனா ஓடவில்லை. அன்று மாலை, மணி போடாத ஜாடியிலிருந்து ஒன்றை உறிஞ்சியெடுத்து, கழுவிய ஜாம் பாட்டிலில் விட்டு, யாரிடமும் சொல்லாமல் வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

அவள் கணவன் கில்பர்ட் வைட்ஃபீல்டு ஆபீஸ்களுக்கு கேப் ஓட்டுகிறவன். சமையலறை ஜன்னலில் பாட்டிலைப் பார்த்துவிட்டு, “என்னது இது, சும்னே, வெறும் தண்ணிய வெச்சிருக்கே?” என்றான்.

“நல்லா பாரு. உள்ள ஒருத்தி இருக்கா.”

அவன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தான். “அட, குதிக்குது!”

தினமும் காலை வெயில் பாட்டிலில் விழும் நேரத்தில் மௌரீன் அதன் முன்னால் உட்கார்ந்தாள். பாசித் தண்ணீரின் பச்சை வெளிச்சத்தில் அது எம்பி எம்பி இறங்கும். தானும் அந்த வெளிச்சத்துக்குள் கனமில்லாமல் மிதப்பதாகத் தோன்றும். இங்கே ஒரு பிளாஸ்டிக் மணியும் வராது. இவளுக்கு ஒன்றும் ஆகாது.

ஒன்பதாம் நாள் அது எம்பவில்லை. அடியில் ஒருபக்கமாகச் சாய்ந்து கிடந்தது. மௌரீன் பாட்டிலைத் துப்பட்டாவில் சுற்றிக்கொண்டு ஆய்வகத்துக்கு ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

“மேடம், தப்பு பண்ணிட்டேன். ஒண்ணை வீட்டுக்கு எடுத்துட்டுப் போனேன்.”

நிருபமாவின் முகம் சிவந்தது. “கணக்கெல்லாம் குழம்பிடும்னு உங்களுக்குத் தெரியாதா அக்கா?” ஆனாலும் வாங்கி மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தாள். “நீங்களே பாருங்க.”

வாயிலிருந்து குடல்வரை ஒரு நீல இழை. வெளியே நீட்டிய நுனி காலில் சுற்றியிருந்தது. முதுகுப் பையில் மூன்று குட்டிகள் அசைந்தன.

மௌரீன் குனிந்து தன் கையைப் பார்த்தாள். தினமும் காலைக் குளிருக்குப் போட்டுக்கொள்ளும் சிந்தெடிக் ஸ்வெட்டர், அதே நீலம். பாட்டிலுக்கு மூடி போட்டால் மூச்சு முட்டுமே என்று திறந்து வைத்ததும் அவள்தான்.

“காப்பாத்தத்தானே எடுத்துட்டுப் போனேன்,” என்றாள். நிருபமா ஸ்டூலை அவள் பக்கம் நகர்த்தினாள். மத்தியானம் மூன்று குட்டிகளும் வெளியே வந்தன. தாய் மாலைக்குள் அடங்கிவிட்டது.

மறுநாள் நிருபமா நான்கு பாட்டில்களோடு வந்தாள். “உங்க சமையலறையிலயே வெச்சுப் பார்க்கலாமா அக்கா? ரெண்டு திறந்தது, ரெண்டு காட்டன் துணி கட்டினது. இந்தத் தடவை எழுதி வெச்சுட்டு.”

மௌரீன் ஒத்துக்கொண்டாள். மூன்று குட்டிகள் மட்டும் தனி ஜாடியில், ஆய்வகத்திலேயே வளர்ந்தன. அவற்றில் ஒன்று பத்தாம் நாள் பதினோரு குட்டி போட்டது. மௌரீன் இரண்டு முறை எண்ணிப் பார்த்துவிட்டு எழுதினாள்.