அத்தை சிரித்த படம்

அத்தையை ஸ்டுடியோவுக்குக் கூட்டிப்போக முடியவில்லை. தலைவலி, சேலை சரியில்லை என்று தை மாதம் முழுக்க ஏதாவது ஒரு சாக்கு. ஈரோட்டில் ஜவுளி வியாபாரம் செய்யும் மாப்பிள்ளை வீட்டார் பெண்ணின் படம் கேட்டு ஆள்மேல் ஆள் விட்டுக்கொண்டிருந்தார்கள். நல்ல இடம் தட்டிப்போகிறதே என்று அப்பா சோற்றில் குறை சொல்லத் தொடங்கியிருந்தார்.

கடைசியில் அம்மா ஆல்பத்தைக் குடைந்து ஒரு படத்தை எடுத்தாள். கணபதியில் அத்தையின் சிநேகிதி வீட்டுக் கல்யாணத்தில் எடுத்தது. சிநேகிதி, அத்தை, சிநேகிதியின் அண்ணன் என்று மூன்று பேர்தான் முதலில் நின்றார்கள். மூன்று பேராக நின்று படம் எடுத்தால் ஆகாது என்று யாரோ சொல்ல, பந்தியிலிருந்து என்னை இழுத்துவந்து அத்தைக்கும் அந்த அண்ணனுக்கும் நடுவில் நிறுத்திவிட்டார்கள். எனக்கு ஆறு வயது. நாங்கள் கேமராவைப் பார்க்க, அத்தை மட்டும் என் பக்கம் திரும்பி வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஸ்டுடியோக்காரர் ‘ட’ எழுத்தைப் போல் வெட்டிய இரண்டு அட்டைகளைப் படத்தின்மேல் வைத்து நகர்த்தினார். நாலு பேரும் தெரிந்தபோது அது கல்யாண வீட்டுக் கும்மாளம். அட்டைகள் நெருங்க நெருங்க, மாப்பிள்ளை என்ற பேச்சுக்கே வெட்கப்பட்டு முகத்தைத் திருப்பிக்கொண்ட ஓர் அடக்கமான பெண் மிஞ்சினாள். எங்கள் வீட்டில் அப்படி ஒருத்தி இருந்ததே இல்லை.

“அந்தப் பையனோட கைகூடத் தெரியக் கூடாதுங்க” என்றாள் அம்மா.

“அப்பப் பாப்பாவும் போயிருமுங்களே.”

“போனாப் போகுதுங்க.”

எனக்கு அழுகை முட்டியது. ஆகாது என்பதை ஆகும்படி செய்ததே நான்தான்.

படம் ஈரோட்டுக்குப் போனது. சிரிப்பு லட்சணமாக இருக்கிறதாம், வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வருகிறார்களாம். அம்மா வந்து சொன்னதும் அத்தை வெங்காயம் உரிப்பதை நிறுத்தினாள்.

“யாரைப் பாத்துச் சிரிச்சேன்னு அவங்க கேக்கலீங்களா அண்ணி?”

“மெதுவாப் பேசு அம்மணி. அந்தப் பையன் வீட்டுக்காரங்க வேற ஆளுங்க, நம்ம சனம் ஒத்துக்காது. உங்கண்ணன் காதுல உழுந்தாத் தொலைச்சுப்போடுவாரு.”

“உழட்டுங்க. நானே சொல்லிப்போடறேன்.”

தண்ணீர் குடிக்க வந்த அப்பா வாசற்படியில் நின்றிருந்தார். “என்னத்தைச் சொல்றே? யாரைப் பாத்துச் சிரிச்சே?”

அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. அத்தை எழுந்து நின்று, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, வாயைத் திறந்தாள். இவ்வளவு சின்ன விஷயத்துக்கு ஏன் இந்த அமர்க்களம் என்று எனக்குப் பொறுக்கவில்லை.

“என்னையப் பாத்துத்தானுங்கப்பா சிரிச்சாங்க” என்றேன்.

“அதானே, புள்ளையப் பாத்துச் சிரிச்சிருக்குது” என்று அப்பா என் தலையைத் தட்டிவிட்டுப் போனார். அம்மா என்னை இழுத்து அணைத்துக்கொண்டாள். அத்தை உட்கார்ந்து மறுபடியும் வெங்காயத்தை எடுத்தாள். வைகாசியில் கல்யாணம் முடிந்தது.

வளர்ந்த பிறகு, ஆல்பத்தில் வெட்டுப்படாமல் இருந்த அந்த முழுப் படத்தை ஒருநாள் நிதானமாகப் பார்த்தேன். அத்தை குனிந்து பார்க்கவே இல்லை. அவள் பார்வை என் தலைக்கு வெகு மேலே நேராகப் போகிறது. நான் எவ்வளவு குள்ளம் என்பது அப்போது எனக்குத் தெரிந்திருக்கவில்லை.