ஒரு மீட்டர், ஐந்து அடுப்பு

சலூன்காரருக்கு ஒரு ரகசியம் இருந்தது. ஊரே திட்டிக்கொண்டிருந்த பெண்மணி அவருடைய மனைவி.

தண்ணீருக்குப் புதுக் கட்டணம் வரப்போகிறது என்று நகராட்சி நோட்டீஸ் ஒட்டிய நாளிலிருந்து, நாற்காலியில் வந்து உட்கார்ந்த ஒவ்வொருவரும் அதையே பேசினார்கள். "தண்ணிக்கு விலை வைக்க யாரோ ஒரு பொம்பளையைப் பிடிச்சிருக்காங்களாம். அவ வீட்டுக் குழாயில காத்துதான் வரணும்!" என்று சாபம் வேறு. அவள் வீட்டுக் குழாய்தான் இவர் வீட்டுக் குழாயும். கத்தியும் கையுமாக, "தலையை ஆட்டாதீங்க" என்பதோடு நிறுத்திக்கொள்வார். கடை ஊரின் மறுகோடியில் இருந்ததால் உறவு யாருக்கும் தெரியாது. வியாபாரம் கெட்டுவிடக் கூடாதே என்று வாயை மூடிக்கொண்டார். அதற்காக உள்ளுக்குள் கூசவும் கூசினார்.

அவள் ஒன்றும் ஆகாயத்திலிருந்து குதித்தவள் அல்ல. தண்ணீர் பில் கட்டும் கவுண்டரில் பதினோரு வருஷம் உட்கார்ந்து ரசீது கிழித்தவள். வேலை பார்த்துக்கொண்டே கணக்குப் பரீட்சைகளை ஒவ்வொன்றாகத் தேறி, வீட்டு முன்னறையில் ஒரு மேஜையைப் போட்டு, "தண்ணீர்க் கட்டண ஆலோசகர்" என்று பலகை மாட்டினாள். "குழாயில வர்ற தண்ணிக்கு மட்டும்தான் காசுன்னு நினைக்கிறாங்க. சாக்கடையில போறதை யாரு சுத்தம் பண்றது? அதுக்கும்தான் மோட்டார் ஓடுது" என்பாள். குறைவாகப் புழங்கினால் மலிவு, புழக்கம் ஏற ஏற விலையும் ஏறும். குடிக்கிற தண்ணீர் கைக்கு எட்ட வேண்டும், கார் கழுவுகிற தண்ணீர் கையைக் கடிக்க வேண்டும். இதுதான் அவள் கணக்கு. இரண்டு சிற்றூர்களுக்குச் செய்து பெயர் வாங்கியிருந்தாள். சொந்த ஊர் வேலை நல்லபடியாக முடிந்தால் கூப்பிட இன்னும் மூன்று ஊர்கள் காத்திருந்தன.

புதுக் கட்டணத்தை நிறைவேற்ற இருந்த நகராட்சி மன்றக் கூட்டத்துக்கு முந்தின நாள் காலையில் இஸ்திரிக்காரர் ஒருவர் முடிவெட்ட வந்தார். அவர் திட்டவே இல்லை. அதுதான் சலூன்காரரை உறுத்தியது.

"புது ரேட்டுல எங்க பில்லு மூணு மடங்கு ஆகுதுண்ணே."

"மூணு மடங்கா! வீட்டுக்குள்ள நீச்சல் குளம் கட்டியிருக்கீங்களா?"

"ஒரு மீட்டர், அஞ்சு அடுப்பு. அஞ்சு குடும்பமும் ஒரே குழாயில பிடிக்கிறோம். அது மீட்டருக்குத் தெரியுமா?"

மத்தியானம் சாப்பிடும்போது இதைப் பேச்சோடு பேச்சாகத்தான் மனைவியிடம் சொன்னார். வாய்க்குக் கொண்டுபோன அவள் கை அப்படியே நின்றது. "எந்தத் தெரு?" என்று மட்டும் கேட்டாள். கையைக் கழுவிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனவள் ஐந்து மணிக்குத்தான் திரும்பினாள்.

"குழாயடியில அஞ்சு பக்கெட். ஒவ்வொண்ணுலயும் ஒரு கலர் பெயிண்ட் கோடு, மாறிப் போயிடக் கூடாதுன்னு. ஆளுக்குப் பாத்தா நம்மளைவிடக் கம்மியாப் புழங்குறாங்க. என் லிஸ்ட்ல அந்த வீடு ஊதாரி வீடு! அந்தத் தெருவுல மட்டும் இப்படி முப்பது வீடுங்க. மீட்டரைப் பாத்துப் பாத்து, மீட்டரையே குடும்பம்னு நினைச்சுட்டேன்."

உடனே நகராட்சி ஆணையரைப் போனில் அழைத்தாள். அவர் நிதானமாகச் சொன்னார்: "நாளைக்கு நிறைவேறட்டும்மா, அடுத்த வருஷம் சரி பண்ணிக்கலாம். இப்பப் பின்வாங்கினா உங்களை எந்த ஊர்லயும் கூப்பிட மாட்டாங்க." அது மிரட்டல் இல்லை, உண்மை.

மறுநாள் சலூன்காரர் கடையைத் திறக்கவில்லை. மன்றத்தில் பார்வையாளர் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். பக்கத்தில் இஸ்திரிக்காரரும் இருந்தார். மனைவி மைக் முன்னால் வந்து நின்று, அறிக்கையை மூடி வைத்தாள்.

"என் கணக்குல தப்பு இருக்கு. மீட்டரை எண்ணினேன், அடுப்பை எண்ணல. இதை இன்னைக்கு நிறைவேத்தாதீங்க. இருபத்தோரு நாள் குடுங்க, வீடு வீடாப் போய் எண்ணிட்டு வர்றேன்."

ஒரு உறுப்பினர் எழுந்தார். "அப்ப இவ்வளவு நாளா காசு வாங்கிட்டு என்னம்மா பண்ணீங்க?"

கொல்லென்று ஒரு சிரிப்பு.

"தப்புப் பண்ணேன். அதான் இந்த இருபத்தோரு நாளுக்குக் காசு வேண்டாம்ங்கிறேன்."

சிரிப்பு பொசுக்கென்று அடங்கியது. கை தூக்கச் சொன்னார்கள். இரண்டே கை வித்தியாசத்தில் தீர்மானம் தள்ளிப்போனது. சலூன்காரருக்கு நெஞ்சு விம்மியது. கல்யாண மேடையில்கூட அவளை அவ்வளவு பெருமையாகப் பார்த்ததில்லை.

"நேத்துக் காலையில உங்ககிட்ட சொன்னேன், மத்தியானமே எங்க வீட்டு வாசல்ல வந்து நிக்கிறாங்க. எப்படிண்ணே?" என்று இஸ்திரிக்காரர் காதைக் கடித்தார்.

இருபத்தோரு நாளில் ஒரு ஜோடி செருப்பு தேய்ந்தது. ஒரு மீட்டரின் புழக்கத்தை, அதில் எத்தனை அடுப்போ அத்தனை பங்காகப் பிரித்துப் பார்த்துத்தான் விலை ஏறும் என்று புதுக் கட்டணம் நிறைவேறியது. இஸ்திரிக்காரர் வீட்டு பில் பழைய பில்லைவிடக் கொஞ்சம்தான் கூடியது. காத்திருந்த ஊர்களில் இரண்டு வேறு ஆளைப் பார்த்துக்கொண்டன. மூன்றாவது ஊரிலிருந்து கடிதம் வந்தது: எங்கள் ஊரிலும் அடுப்புகளை எண்ணித் தர முடியுமா?

முதல் பில் வந்த வாரம். முகம் நிறைய சோப்பு நுரையோடு ஒருவர் நாற்காலியில் சாய்ந்தபடி ஆரம்பித்தார்: "தண்ணிக்கு விலை வச்சாளே, அந்தப் பொம்பள மட்டும் என் கையில கிடைச்சா..."

சலூன்காரர் கத்தியை அவர் தாடைக்குப் பக்கத்தில் நிறுத்தினார்.

"அவ என் பொண்டாட்டிதான் சார். என்ன கேக்கணுமோ தாராளமாக் கேளுங்க, நான் பதில் சொல்றேன். தலையை மட்டும் ஆட்டாதீங்க."