தூங்கிய கம்ப்யூட்டரும் தங்கராசு தம்பியும்

சங்கத்துப் பெண்களே, போன செவ்வாய்க்கிழமை அரியலூர் பஸ்ஸிலிருந்து இறங்கிய என் பேத்தி, பையைக்கூடக் கீழே வைக்காமல் சொன்னாள்: "அம்மாயி, கம்ப்யூட்டர் மெக்கானிக் தங்கராசு மாமா தவறிட்டாராம்." எனக்கு அழுகைக்கு முன்னால் எரிச்சல்தான் வந்தது. அந்த மனுசனோடு என் சண்டை இன்னும் முடியவில்லையே!

ஐந்தாவதோடு பள்ளியை விட்டவள் நான். ஆனாலும் செந்துறையில் நம் சங்கத்துக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது, அதைத் திறந்து மூட என்னைத்தான் வைத்தீர்கள். போட்டால் எரிய வேண்டும், நிறுத்தினால் அணைய வேண்டும். நான் கேட்டது அவ்வளவுதான். தங்கராசு விட்டாரா? ஐந்து நிமிடம் தொடாவிட்டால் திரை இருளும், பதினைந்து நிமிடத்தில் மொத்தமும் தூங்கும், கரண்டு போய்ப் பேட்டரிப் பெட்டியில் ஓடினால் அதற்கு வேறு நேரம்.

"தேவைக்குத் தகுந்த மாதிரி நீங்களே மாத்திக்கலாம்மா."

"மாத்திக்கிட்டு இருக்கவா வாங்கினோம்? எங்க வூட்டு லைட்டு என்னைக் கேக்காம தூங்குதா?"

"உங்க வூட்டு லைட்டு பேட்டரியிலயா எரியுது? இது அரை மணிதான் தாங்கும்!"

விதவைப் பென்ஷன் மனு நினைவிருக்கிறதா? முப்பது பேரின் பெயரையும் கம்ப்யூட்டரில் அடித்தாகிவிட்டது, சேமிக்கத்தான் மறந்திருந்தோம். மறுநாள் காலை தாலுகா ஆபீசில் கொடுக்க வேண்டும். நீங்கள் வாசலில் பேசிக்கொண்டிருந்தபோது திரை இருண்டது, எல்லாம் போயிற்று. "தூங்கப் போன மிஷின் பேரையெல்லாம் முழுங்கிடுச்சு" என்று ஊரெல்லாம் சொன்னேன். அடுத்த பஸ்ஸில் வந்த தங்கராசு, நாம் சொல்லச் சொல்ல முப்பதையும் தானே அடித்துக் கொடுத்தார். மனு போய்ச் சேர்ந்தது. என் பேச்சும் கீழப்பழுவூர் வரை போய்ச் சேர்ந்தது; அங்கிருந்த இரண்டு சங்கங்கள் அப்புறம் அவரைக் கூப்பிடவில்லை.

"இனிமே தூங்கவே கூடாது" என்று அடம்பிடித்தேன். அப்படியே செய்தார். அடுத்த வாரம் கரண்டு போனது. யாரும் பார்க்காத திரை எரிந்து எரிந்தே பேட்டரியைக் காலி செய்தது. அதற்கும் அவரைத்தான் ஏசினேன். கடைசியில் அந்த நேரக் கணக்கையெல்லாம் உள்ளே மறைத்து, திரை முகப்பில் 'வேலை', 'ஓய்வு' என்று இரண்டே பொத்தான் வைத்தார். "பாக்கியெல்லாம் உள்ளதான் இருக்கு. வேணும்னா கூப்பிடுங்க, நீங்களா நோண்டாதீங்க" என்றார்.

இப்போது ஒன்று சொல்கிறேன். மிஷின் எதையும் விழுங்கவில்லை. அது மார்கழி, கரண்டு இருப்பதைக் காட்ட ஃபேன்கூட ஓடவில்லை. திரை இருண்டதும் கரண்டு போய்விட்டது என்று நினைத்தேன். திரும்ப வரும்போது எதுவும் புகைந்துவிடக் கூடாதென்று, வீட்டில் செய்வது போலவே பேட்டரிப் பெட்டி வரை எல்லா சுவிட்சையும் அணைத்தவள் நான்தான். அன்று வந்த தங்கராசு சுவரில் அணைந்திருந்த சுவிட்சுகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "தூங்குனது தப்பில்லம்மா. தூங்குதுன்னு உங்களுக்குத் தெரியாத மாதிரி வச்சேன் பாருங்க, அது என் தப்பு" என்று காதோடு சொன்னார். வேறு யாரிடமும் வாயைத் திறக்கவில்லை.

ஒரு வார்த்தை திட்டியிருந்தால் அன்றைக்கே ஒப்புக்கொண்டிருப்பேன். அதுகூடத் தெரியாத மனுசன்! அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அவர் சுமந்த பழி ஒன்றுதான். அதை இன்று என் பெயருக்கு எடுத்துக்கொள்கிறேன். கீழப்பழுவூர்க்காரர்களுக்கும் சொல்லிவிடுங்கள்.