காது வந்து கையைத் தொட்ட கதை

போன வாரம் எதிர் ஃபிளாட் தம்பதி வந்தார்கள். இருவர் முகத்திலும் ஈயாடவில்லை. மகளுக்கு எல்.கே.ஜி. அட்மிஷனாம். இன்டர்வியூ குழந்தைக்கு இல்லை... அப்பா அம்மாவுக்கு!

"மேடம், நீங்கதான் வாராவாரம் எழுதறீங்களே, எங்ககிட்ட என்ன கேப்பாங்க?" என்றார் அந்த அப்பா. பாவம், பரீட்சைக்குப் படித்த முகம்.

என்னிடம் போய்க் கேட்டால்? என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்ததே நான்தானே!

அறுபதுகளின் கடைசி. விருத்தாசலம். அப்பாவுக்குப் பீங்கான் வேலை. ஆனால் எந்தக் கம்பெனியிலும் நிலைக்க மாட்டார். "இவனுங்க கலவையே தப்பு" என்று சண்டை போட்டுவிட்டு வந்து, வாடகை வீட்டுத் தோட்டத்தில் சொந்தமாகச் சூளை கட்டுவார். அம்மா திட்டுவாள் என்றுதானே நினைக்கிறீர்கள்? புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கூடவே மண் பிசைவாள்! ஜாடிக்கு நீலம் வருமா, பச்சை வருமா — இருவருக்கும் நாள் முழுக்க இதே பேச்சு. அடுப்பில் சோறு கரிந்தாலும் மூக்குக்குத் தெரியாது.

புகை தாங்காமல் வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்வார். அடுத்த வீடு, அடுத்த சூளை. ஒருமுறை ஜாடிகளுக்கு வைக்கோல் சுற்றிப் பத்திரமாக வண்டியில் ஏற்றினார்கள். என்னையும் அண்ணனையும் ஏற்ற மறந்துவிட்டார்கள். மங்கலம்பேட்டை ரோட்டில் பாதி தூரம் போன பிறகுதான் ஞாபகம் வந்ததாம். அதுவரை பக்கத்து வீட்டு அக்கா கொடுத்த கூழைக் குடித்துக்கொண்டு காலி வீட்டில் உட்கார்ந்திருந்தோம்.

எங்களை அடித்ததில்லை, வைததில்லை. மறந்தார்கள், அவ்வளவுதான். அது வலிக்காதா என்ன?

ஒரு நாள் பள்ளிக்கூட ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். வாத்தியார் ஒவ்வொரு பேராகக் கூப்பிட, பிள்ளைகள் "உள்ளேன் ஐயா" என்றார்கள். அட! தினமும் ஒருத்தர் நம் பேரைச் சொல்லி, நாம் இருக்கிறோமா என்று பார்ப்பாரா? அதற்காகவே சேர்ந்துவிட வேண்டும் போல இருந்தது.

ஜூன் மாசம் நானே போய் நின்றேன். அப்போதெல்லாம் பர்த் சர்டிபிகேட்டை யார் கண்டது? வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொட்டால் அஞ்சு வயசு. எனக்கு எட்டவில்லை. விடுவேனா? தலையைச் சாய்த்துக் காதைக் கைக்குக் கொண்டுவந்தேன்.

"ஏய், கைதான் காதைத் தொடணும். காது வந்து கையைத் தொடக்கூடாது!" என்றார் பெரிய வாத்தியார். "போய் அப்பா அம்மாவைக் கூட்டியா."

சூளை ஆறிக்கொண்டிருந்த நேரம். அதனால் வந்தார்கள். முழங்கை வரை வெள்ளை மண்.

"புள்ள எப்பங்க பொறந்துச்சு?"

"சூளையில மொத மொத நீலம் சரியா வந்துச்சுங்களே, அன்னைக்குங்க" என்றார் அப்பா.

"அய்ய, அது பெரியவன்! இவ, சூளை செவுரு இடிஞ்சு வுழுந்துச்சே, அன்னைக்கு" — அம்மா.

"அது தீவாளிக்கு மொத வாரம்டி."

"யாரு சொன்னா? பொங்கலு கழிச்சு!"

திரும்பி வந்ததும் மறுபடி தலைமேல் வைத்த கையை நான் இன்னும் எடுக்கவில்லை. வாத்தியார் அவர்களைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"நீங்க ரெண்டு பேரும் வூட்டுக்குப் போங்க. புள்ள இருக்கட்டும்" என்றார். பிறந்த தேதி ஜூன் ஒண்ணு என்று அவரே போட்டுக்கொண்டார்.

சுவர் எப்போது இடிந்தது என்று சண்டை போட்டுக்கொண்டே இருவரும் போனார்கள். ஒருத்தராவது திரும்பிப் பார்ப்பார் என்று நின்றேன். பார்க்கவில்லை. ஆனால் கொஞ்ச நேரத்தில் வாத்தியார் என் பேரைக் கூப்பிட்டார் பாருங்கள்... நான் போட்ட "உள்ளேன் ஐயா"வில் பக்கத்து கிளாஸே எட்டிப் பார்த்தது!

நேற்று எதிர் ஃபிளாட்டிலிருந்து லட்டு வந்தது. அப்பா, அம்மா ரெண்டு பேரும் பாஸாம்.

என் அப்பா, அம்மா ரெண்டு பேரும் ஃபெயில்... சீட்டு மட்டும் எனக்குக் கிடைத்தது!