சத்தத்துக்குள் பேசியவர்கள்

ராக்கம்மாள் விளாங்குடிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது நாத்தனார் இருளாயிக்கு இருபது வயது தாண்டியிருந்தது. பிறவியிலேயே காது கேளாது. வீட்டில் யாரும் அவளைக் கடிந்து பேசியதில்லை. பேசியதே இல்லை என்பதுதான் சரி. சாப்பிடக் கூப்பிடத் தட்டைக் காட்டுவார்கள், அதோடு சரி.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் ராக்கம்மாள் மதுரையில் ஒரு பஞ்சு மில்லில் வேலைக்குச் சேர்ந்தாள். நூலைச் சுற்றிச் சிட்டம் போடும் வேலை. இயந்திர இரைச்சலில் பக்கத்தில் நிற்பவள் கத்தினாலும் கேட்காது. அதனால் பெண்கள் கையாலும் உதட்டாலும் பேசினார்கள். காதைத் திருகினால் மேஸ்திரி வருகிறார். கன்னத்தில் கை வைத்தால் மாமியாரோடு சண்டை. புதிதில் ஒருத்தி கன்னத்தில் கை வைத்ததைப் பல்வலி என்று நினைத்து, மறுநாள் ராக்கம்மாள் கிராம்பு கொண்டுபோய்க் கொடுத்தாள். அதைச் சொல்லிச் சொல்லியே சிரித்தார்கள்.

வீட்டிலும் அவள் பேசும்போது கைகள் தாமாக ஆடின. இருளாயி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் அடுப்படிக்கு வந்து, கன்னத்தில் கை வைத்து, வாசலில் முணுமுணுத்துக்கொண்டிருந்த தன் தாயைக் கண்ணால் காட்டினாள். ராக்கம்மாளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

அவளை மில்லுக்கு அழைத்துப்போனாள். மேஸ்திரி முத்திருளன் தயங்கினார்.

"காது கேக்காத பிள்ளைய வச்சு எப்படித்தா வேல வாங்குறது?"

"உள்ள யாருக்குண்ணே காது கேக்குது?"

அவர் சிரித்துவிட்டார். வேலை கிடைத்தது.

கொஞ்ச நாளிலேயே அந்தக் கூடத்தில் இருளாயிதான் பெரிய வாயாடி. மேஸ்திரியின் நடையை இரண்டே விரலில் நடத்திக் காட்டுவாள். கடைசி வரிசை வரை சிரிப்பு போகும்.

ஒரு மத்தியானம் இயந்திரம் பழுதாகி எல்லாம் நின்றது. திடீர் அமைதி. பெண்கள் வாய்விட்டுப் பேசத் தொடங்கினார்கள். இருளாயி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். அவளைப் பார்த்து ஒரு கையும் அசையவில்லை. மெல்ல நகர்ந்து சுவரோரம் போய் நின்றாள்.

ராக்கம்மாள் அதைப் பார்த்தாள். நடுவில் வந்து நின்று வாயை இறுக மூடிக்கொண்டு, கையால் கேட்டாள்: "என்ன குழம்பு கொண்டாந்த?" முதலில் பேச்சை நிறுத்தியது பக்கத்தில் இருந்த முருகம்மாள். பிறகு ஒவ்வொருத்தியாக நிறுத்தினார்கள். ஓசையில்லாத அந்தக் கூடம் கைகளால் நிறைந்தது. இருளாயி சுவரைவிட்டு வந்தாள்.

பின்னாளில் அவள் அதே மில்லில் வேலைபார்த்த தவசியைக் கட்டிக்கொண்டு அழகர்கோவில் பக்கம் போய்விட்டாள். வயதான பிறகு ராக்கம்மாள் அடிக்கடி சொல்வாள்: "வீடு இப்ப அமைதியாத்தான் இருக்கு. ஆனா அந்த இரைச்சல்ல நாங்க பேசுன பேச்சு இருக்கே, அம்புட்டுப் பேச்சு அப்புறம் நான் யார்ட்டயும் பேசல."